டீ குடித்துவிட்டுப் போனவர் யார்?

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் நின்ற என் தம்பியின் காரை, ஹைதராபாத்தில் இருக்கும் அவனுக்கு லாரியில் அனுப்ப, போனிலேயே ஒரு புரோக்கரைப் பிடித்தேன். மறுநாள் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு, கார் எடுக்க வந்திருப்பதாகச் சொல்லி ஒருவர் வந்தார். டீயும் கொடுத்து, கார் சாவியையும் கொடுத்தேன். அவரும் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் புரோக்கர் கூப்பிட்டார். "அண்ணே, வண்டி எடுக்க நாளைக்குத்தான் ஆள் வாராரு."

"அப்ப எடுத்துட்டுப் போனது யாரு?"

"எனக்கே தெரியலையேண்ணே!"

என் மகள் கேட்டாள். "அந்த மாமா பேரு என்னப்பா?"

"வீட்டுக்கு வந்தவர்கிட்ட அதெல்லாம் எப்படிம்மா கேக்குறது?"

"சீனி போதுமான்னு மட்டும் கேட்டீங்களே!"

புரோக்கருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. வந்தவர், எங்கள் புரோக்கர் சொல்லிவைத்த இன்னொரு புரோக்கரின் ஆளாம்; எங்கள் புரோக்கருக்குச் சொல்லாமலே ஒரு நாள் முந்தி வந்துவிட்டாராம். அப்புறம் கார் தம்பியிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. யார் யாரிடம் சொன்னார்கள் என்பது இன்றும் எனக்குப் பாதிதான் புரிகிறது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் பேரைக் கேட்டு, அனுப்பியவரிடம் போனில் விசாரிக்கிறேன். டீ அதற்கப்புறம்தான்.