திருப்பி வாசித்த பிரசங்கம்

எங்கள் சபையில் பிரசங்கத்தைக் காதால் மட்டும் கேட்பது சோம்பேறித்தனம். கேட்டதை எழுத வேண்டும். எங்கள் தாத்தாமார் ஓலையும் எழுத்தாணியுமாக வேதக்கோயிலுக்குப் போனார்கள். நாங்கள் நோட்டும் பென்சிலுமாகப் போனோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஒருவரை எழுப்பி, அந்த வாரம் கேட்டதைச் சபைமுன் வாசிக்கச் சொல்லுவார். ஏரல் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை 'எழுத்துக்காரச் சபை' என்று கேலி பண்ணுவார்கள். கேலியானாலும் எனக்கு அதில் பெருமைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. என் கைவேகத்தை முந்துகிற வாய் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

கார் நெல் அறுப்பு முடிந்த சமயம், வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். நல்ல குரல். கஞ்சிராவும் பாட்டுமாக ஆளை உருக்கிவிடுவார். முதல் நாள் தம் மூத்த மகன் கைக்குழந்தையாய் இருக்கையிலேயே காய்ச்சலில் இறந்ததைச் சொன்னார். தம் விசுவாசத்தைச் சோதிக்கவே ஆண்டவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்றார். எல்லாரும் அழுதோம். நான் அழுதுகொண்டேதான் எழுதினேன்.

மூன்றாம் நாள் வேறு சரக்கு. கைக்குழந்தை இறந்தால் தாயிடம் மறைவான பாவம் இருக்கிறது, அதைச் சபைமுன் அறிக்கையிட்டால்தான் அடுத்த பிள்ளை தங்கும் என்றார். பெண்கள் பக்கத்தில் என் தங்கை இருந்தாள். தன் ஆறு மாதப் பிள்ளையை அடக்கம்பண்ணி அவளுக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "என்ன பாவம் செஞ்சேன்னு யோசிச்சுப் பாக்கேன்க்கா. ஒண்ணும் தெரியமாட்டேங்கு. ஞாயித்துக்கெழம எந்திச்சு எதையாவது சொல்லிருதேன்" என்றாள்.

செய்யாத பாவத்தை ஊர் முன்னால் ஏற்கப் போகிறாள். சுவிசேஷத்தில் பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். அந்தப் பக்கம் மட்டும் இந்த மனிதரின் வேதத்தில் கிழிந்துபோயிற்றா?

ஞாயிறன்று பிரசங்கியார் முன்வரிசையில் இருந்தார். உபதேசியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு நானே வாசிக்க எழுந்தேன். தம் பிரசங்கத்துக்கு இந்தச் சபை செய்யும் மரியாதை என்று நினைத்து, அவர் சால்வையைச் சரிபண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நாள் பேசியதையும் மூன்றாம் நாள் பேசியதையும் அடுத்தடுத்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன். கஞ்சிரா இல்லை, பாட்டு இல்லை. தம் பிள்ளை செத்தால் சோதனை, அடுத்த வீட்டுப் பிள்ளை செத்தால் தாயின் பாவம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்தும் தெரியவில்லை.

"மொதல்ல சொன்னதும் பொறவு சொன்னதும் ஒட்டலையே, வே" என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அவரைக் கண்டித்துப் பேச நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் என் தங்கை எழுந்துவிட்டாள். பாவ அறிக்கைதான் செய்யப் போகிறாள் என்று நோட்டை மூடிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, அந்த மகனப் பெத்த ஒங்க வீட்டு அம்மாகிட்டயும் இதச் சொன்னீயளா?" என்று கேட்டாள்.

அவர் தோளில் இருந்த சால்வையை இறக்கி மடியில் வைத்தார். பிறகு, "இல்லம்மா. அவ தாங்கமாட்டா" என்றார்.

"அப்பம் நான் தாங்குவேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் என் கூடப்பிறந்தவள். வைத்திருந்த நாலு வாக்கியத்தையும் விழுங்கிவிட்டு, நான் சபை முழுவதையும் நிமிர்ந்து பார்த்தேன்.