சத்தமில்லாத பெட்டி

சூரியத் தகடு தரும் மின்சாரத்தை பேட்டரிக்கும், பேட்டரியில் இருப்பதை விளக்குக்கும் பதமாக மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் பெட்டிகளை வடிவமைப்பது என் பிழைப்பு. வழியில் வெப்பமாய் வீணாகும் மின்சாரத்தைப் பார்த்தால், ஒழுகும் குழாயைப் பார்த்ததுபோல எனக்கு எரிச்சல் வரும்.

மாரெட்பள்ளியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஒன்று செய்து தர ஒப்புக்கொண்டேன். ஜெனரேட்டரைப்போல ஜெபத்தைக் கெடுக்கக்கூடாது என்று மட்டும் போதகர் ஐயா கேட்டுக்கொண்டார். மின்சுமை குறையும்போது பெட்டி விட்டு விட்டு வேலை செய்யும்படி வைத்தேன். மின்சாரம் நன்றாக மிச்சமாகும்; ஆனால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் விசிலடிக்கலாம். அந்த விசிலோடு பல வருஷம் குடித்தனம் நடத்திய என் காதை நம்ப முடியாது. அம்மாவின் காதை நம்பலாம். பாடகர் குழுவுக்கு வாத்தியமில்லாமலே சுருதி எடுத்துக் கொடுப்பவள் அவள். அந்தக் காதுதான் அவளுக்குப் பெருமை, உயிர், எல்லாம்.

அல்வாலில் எங்கள் வீட்டு மாடியில், டிசம்பர் வெயிலில் பெட்டியை ஓட்டினேன். அம்மா கண்ணை மூடிக் காதைச் சாய்த்தாள்.

"ஒரு சத்தமும் இல்லட்டி. கொண்டு போயி மாட்டு."

ஞாயிறு ஆராதனையில் மௌன ஜெபம். குளிர் என்பதால் மின்விசிறிகள் ஓடவில்லை; பெட்டிக்குச் சுமை குறைவு. ஜன்னல் கண்ணாடியின் நீலமும் மஞ்சளும் தரையில் மிதந்தன. நானும் பாதி மிதந்துகொண்டிருந்தேன். முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார்கள். பிறகு பெரியவர்களும். சுவரில் என் பெட்டி மெல்லிசாக விசிலடித்துக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பாடகர் வரிசையில் அம்மாவைத் தேடினேன். அந்த அமைதியில் லயித்திருந்தவள் கண் திறந்தாள். எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் தானும் மேலே பார்த்தாள். வெட்கம் போன இடம் தெரியவில்லை. பயமாக இருந்தது.

மறுநாளே போய், யார் காதுக்கும் எட்டாத வேகத்தில் இடைவிடாமல் ஓடும்படி பெட்டியை மாற்றினேன். இப்போது மூடியைத் தொட்டால் சுடுகிறது. நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த மிச்சமெல்லாம் அந்தச் சூட்டில் போகிறது. போகட்டும்.

அடுத்த ஞாயிறு மௌன ஜெபம் உண்மையாகவே மௌனமாக இருந்தது. ஆராதனை முடிந்து, கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்குப் போகுமுன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் எல்லாரும் எதுக்குட்டி மேல பாத்தாவ? பல்லியா?"

"ஹவ்மா, ஆமா, பல்லிதான்."

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சுருதி எடுத்துக் கொடுக்க எழுந்து போனாள்.