ஒரே மாஸ்க்

உதியன்குளங்கரையில் தையல் கடை நடத்தும் ஆனந்தபாய்க்கு யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. சர்ச் சபையில் எல்லோரும் புகழ்ந்து புகழ்ந்தே அந்தக் குணத்தைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

தங்கை ஷிஜி கால் ஒடிந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்குப் பழைய ஆஸ்துமா இழுப்பு உண்டு. மருந்தை ஆவியாக இழுக்க ஆனந்தபாய் மருந்துக்கடையில் ஒரு மாஸ்க் வாங்கி வந்தாள். வார்டில் வேறு யாரிடமும் அது இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்த அம்மிணி கேட்டதும் ஆனந்தபாய் கொடுத்தாள். திரும்பி வந்ததைக் குழாயில் அலசி, சேலைத் தலைப்பால் துடைத்து, ஷிஜியின் முகத்தில் வைத்தாள். பிறகு எதிர்க்கட்டில் அஞ்சுவின் கைக்குழந்தைக்கும் கொடுத்தாள்.

"எடுத்துக்கோ மக்கா, நமக்குள்ள என்ன?"

சில நாளில் ஷிஜிக்கு உடம்பு கொதித்தது. மூச்சு விட முடியாமல் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. டாக்டர் நிமோனியா என்றார்.

"இது இங்க வந்த பொறவு ஒட்டினதாக்கும்," என்றாள் நர்ஸ். "இந்த மாஸ்க்கை வேற ஆருக்காவது குடுத்தியளா?"

வாழ்க்கையில் முதல்முறையாக, இல்லை என்று சொல்லத் தவித்தாள் ஆனந்தபாய்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அஞ்சு வந்து மாஸ்க்கை நீட்டினாள்.

"நல்லா கழுவிட்டேன் அக்கா."

ஷிஜி இருமுவது போலவே இருமியது குழந்தை.