ஈரம் காயாத முகம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை, தூக்கமும் கெட்டிருக்கவில்லை. யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

நான் வரலாற்று ஆராய்ச்சி செய்பவள். பேரரசுகள் பிற நாடுகளைப் பிடித்து ஆண்டபோது அங்கிருந்த மக்களை எப்படி அளந்தார்கள், எப்படி வகை பிரித்தார்கள் என்பதுதான் என் துறை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு துரை தீவு தீவாகப் போய், ஆட்களைப் படுக்கவைத்து, முகத்தில் எண்ணெய் தடவி, மூச்சுவிட மூக்கில் இரண்டு குழலைச் செருகி, மேலே ஈரப் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுத்திருக்கிறார். இந்த இனத்துக்கு முகம் இப்படித்தான் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக. அந்த அச்சுகளில் வார்த்த பிளாஸ்டர் முகங்கள் ஒரு அருங்காட்சியகத்தின் நிலவறையில் கிடந்தன. இப்போது தீவுக்காரர்கள் அவற்றைத் திரும்பக் கேட்டார்கள். மனித உடலின் பகுதி என்றால் கொடுக்கலாம், வெறும் பிரதி என்றால் கொடுக்கத் தேவையில்லை என்றது நிர்வாகம். இரண்டில் எது என்று நான் எழுதித் தர வேண்டும். மறுநாள் காலை கூட்டம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'பிரதி' என்று எழுதுவேன். அடிப்பேன். எழுந்து நடப்பேன். அக்கா போனில் திட்டினாள்.

"ஒரு பக்கம் எழுதறதுக்கு இவ்வளவு பாடா? வெறும் சுண்ணாம்புதானடி! எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து சேரு."

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கேமராவோடு நிலவறைக்குப் போனேன். கிடங்குக் காப்பாளர் கதவைத் திறந்துவிட்டார்.

"மேடம், கைய மட்டும் வெச்சிடாதீங்க. ஒண்ணு உடைஞ்சாலும் என் தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஜன்னல் இல்லாத அறை. காற்றில் ஈரமே சேராமல் இருக்க ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். முகங்கள் தட்டுத் தட்டாக மல்லாந்து கிடந்தன. எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தேன்.

ஒரு பெண்ணின் முகம். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். குனிந்து கேமராவை வைத்தேன். படம் மங்கலாக விழுந்தது. லென்ஸில் ஆவி படிந்திருந்தது. துடைத்தேன்.

மறுபடி குனிந்தேன். மறுபடி ஆவி.

பக்கத்து முகத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று விழுந்தது. திரும்பி இவளிடம் வந்தேன். ஆவி...

அப்போதுதான் இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில் அது கேட்டது.

ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...

மெல்லிய குழலில் யாரோ காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

தொடக்கூடாது என்பதை மறந்துவிட்டேன். அவள் மூக்கடியில் விரலை வைத்தேன்.

சுட்டது.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். படித்திருக்கிறேன். ஆனால் இது இறுகி நூறு வருடம் ஆகிறது...

கன்னத்தைத் தொட்டேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது.

ஈரம்.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்...

சத்தம் வேகமானது. திணறியது.

அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பையிலிருந்த சாவியை எடுத்து அவள் மூக்குத் துவாரத்தைச் சுரண்டத் தொடங்கினேன். தோண்டினேன். என் நகம் பிய்ந்தது. "இரும்மா... இரும்மா..." என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்...

நின்றது.

பிறகு, நீளமாக... ஒரே ஒரு பெருமூச்சு. என் முகத்தில் பட்டது.

"ஐயோ! என்ன பண்றீங்க மேடம்!"

கிடங்குக் காப்பாளர் என் தோளைப் பிடித்து இழுத்தார். பிளாஸ்டர் காய்ந்து, ஜில்லென்று, எப்போதும் போல இருந்தது. மூக்கில் மட்டும் இரண்டு பள்ளம்.

"என் வேலை போச்சு" என்றார் அவர்.

கூட்டத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள். சேதம் என்னால்தான் என்று மட்டும் ஒப்புக்கொண்டேன். காப்பாளர் வேலை தப்பியது. 'இவை மனிதர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதம் இழுத்தடித்து, எல்லா முகங்களையும் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்த ஒண்ண மட்டும் வந்து பாருங்களேன்."

மற்றதெல்லாம் உள்ளே கெட்டியான பிளாஸ்டர். நான் சுரண்டிய அந்த முகத்தில் மட்டும், உதட்டுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். எலும்பு இல்லை, பல் இல்லை. வெறும் காற்று. அலறுகிற ஒரு வாயின் வடிவத்தில்.

"மெஷின் கோளாறுன்னு நினைச்சு அரை மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்தேன் மேடம்" என்றபடி அவள் இரண்டாவது படத்தைத் திரையில் போட்டாள். "நானும் நகத்தல... யாரும் தொடக்கூட இல்ல..."

அந்தப் படத்தில் வாய் மூடியிருந்தது.