கமலா படித்த ஒரு பக்கம்

எங்கள் தீவிலுள்ள டத்தோ கிராமாட் பகுதியில் சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கான இலக்கிய வகுப்புக்குப் போகிறேன். ஒருநாள் ஒரு சிறுகதையை ஆளுக்கொரு பக்கமாக வாய்விட்டுப் படித்தோம். அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும் தொழிற்சாலை ஊழியர் கமலா, எழுத்துக்கூட்டித் திணறினார். நான் பொறுமையிழந்து, அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மளமளவென்று படிக்கத் தொடங்கினேன்.

“குடுங்க அண்ணே. நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவ. தமிழ் எழுத்தே போன வருஷந்தான் கத்துக்கிட்டேன். மெதுவா ஆனாலும் நானே முடிக்கிறேன் லா” என்றார்.

கூசிப்போய்த் திருப்பிக் கொடுத்தேன். கால் மணி நேரம் எழுத்துக்கூட்டியே படித்தார். பக்கத்தின் கடைசியில் ஒரு வேடிக்கையான வரி. அதைப் படித்துப் பொருள் புரிந்ததும் கமலா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வகுப்பே சேர்ந்து சிரித்தது.

அந்தக் கதையை ஏற்கெனவே மூன்று முறை வேகமாகப் படித்து முடித்தவன் நான். ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.