அக்கா போய்வந்த புரூஜ்

அக்கா அந்தக் கதையைச் சொல்லும்போது அவளுடைய வலது கை சுழன்று சுழன்று மேலே ஏறும். பெல்ஜியத்தில் புரூஜ் என்ற பழைய நகரம்; அங்குள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தின் படிகள் அப்படித்தான் சுழன்று ஏறுமாம். எண்பதுகளில், ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லில் யார் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனாலும் அந்தக் கை ஒரு தரமாவது ஏறி இறங்கும். கல் பதித்த ஒழுங்கைகள், வாய்க்காலில் மிதக்கும் அன்னங்கள், வாசலில் இருந்து லேஸ் பின்னும் கிழவிகள், எல்லாம் அவள் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தவை. கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு வயிறு எரியும்.

எரியாதா? அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவளே நான். இருவரும் லண்டனில் நர்ஸ் வேலை பார்த்த காலம். நியூசிலாந்துக்குப் புறப்படுமுன் ஐரோப்பாவில் ஓர் ஊரையாவது பார்த்துவிட வேண்டும் என்று நூலகத்தில் வரைபடம் தேடி, எந்தத் தெருவில் திரும்புவது என்பதுவரை எழுதி வைத்திருந்தேன். போகிற அன்று காலை எனக்குக் கூகைக்கட்டு. இரண்டு கன்னமும் வீங்கி, கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அப்ப நானும் நிக்கிறன்" என்றாள் அக்கா. "இல்லை, நீ போ" என்றேன். ஒரு தரம்தான் சொன்னேன், போய்விட்டாள். இன்னொரு தரம் சொல்லவைத்திருக்கலாம். போதாக்குறைக்கு நான் எழுதிய தாளையும் கொண்டுபோனாள்.

பிறகொரு ஞாயிறு, ஏவன்டேலில் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனோம். அக்கா குசினியில் தேநீர் ஊற்ற உதவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் என்னிடம், "நீங்கள் ஐரோப்பாப் பக்கம் போயிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஓம், புரூஜுக்குப் போனனாங்கள்" என்றது என் வாய். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒழுங்கை, அன்னம், லேஸ், அக்காவின் சொற்கள் ஒன்று விடாமல் வந்தன. கதையில் கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். கதவடியில் தேநீர்த் தட்டோடு அக்கா.

அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அந்த வீட்டில் என் மானம் போய்விடும். அக்கா தட்டை மேசையில் வைத்தாள். "மேல ஏறேக்கை இவளுக்கு மூச்சு வாங்கிப்போச்சு. நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினனான்" என்றாள். பிறகு ஒவ்வொருவரிடமும் சீனி காணுமோ என்று கேட்டாள்.

காரில் திரும்பும்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதன்பின் அவள் புரூஜைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. யாராவது கேட்டால், "தங்கச்சி வடிவாச் சொல்லுவாள்" என்பாள்.

போன மாதம் என் மகள் அங்கே போகப்போவதாகச் சொல்லி, என்ன பார்க்கலாம் என்று பெரியம்மாவிடம்தான் ஆங்கிலத்தில் கேட்டாள். "அம்மாவைக் கேள்" என்றாள் அக்கா. நான் சொன்னேன். முதல் தடவையாகக் கேட்பவள்போல அக்காவும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். அவள் போய்வந்ததற்காக எரிந்த வயிறு, இப்போது அந்த நாளை முழுதாக எனக்கே தந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாளே என்று எரிகிறது. நான் என்றால் அரை மணி நேரம்கூட விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.