அம்மா ஏற மறுத்த வண்டி

என் வீட்டுக்காரர்மேல் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை. எண்ணெய் வாசனைக்காக ஒருத்தி இத்தனை வருடமாகப் புருஷன்மேல் கறுவிக்கொண்டிருக்கிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

பீன்யாவில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்ததை வைத்து ஒரு பழைய மெட்டடார் வேன் வாங்கினார். காலையில் கார்மெண்ட்ஸ் பெண்களை ஏற்றிப்போவது, சனி ஞாயிறில் கோயில் டிரிப் என்று பிழைப்பு நன்றாகவே ஓடியது. அப்புறம்தான் கேரேஜில் யாரோ, டீசல் வண்டி சமையல் எண்ணெயிலும் ஓடும் என்று அவர் காதில் ஓதிவிட்டார்கள். மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சிப்ஸ் கடை, கேன்டீன் என்று ஒன்று விடாமல் போய், பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை டின் டின்னாக வாங்கி வந்தார். மர்பி டவுனில் எங்கள் சந்தில் ஆள் நடக்கவே இடம் கிடையாது. அதில் டிரம்மை நிறுத்தி, என் புடவையைக் கிழித்து அதன் வாயில் கட்டி, எண்ணெயை வடிகட்டுவார். நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் கத்தினார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அந்த வண்டியின் சூட்சுமத்தை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். எண்ணெய் கெட்டி, சூடானால்தான் இன்ஜினுக்குள் போகும். அதனால் ரேடியேட்டரின் வெந்நீரை ஒரு செம்புக் குழாய் வழியாக எண்ணெய் டேங்குக்குள் சுற்றவிட்டார். வண்டியைக் கிளப்பும்போது டீசல். சூடேறியதும் ஒரு வால்வைத் திருப்பினால் எண்ணெய். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடியும் டீசல். டீசலுக்கு வேலை அவ்வளவுதான் என்பதால், பெரிய டேங்கை எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டு, டீசலுக்குச் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன கேனை வைத்தார்.

வண்டி ஓடியது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் போகிற தெருவெல்லாம் பஜ்ஜி வாசனை.

என் அம்மா அல்சூரில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டு எங்களை வளர்த்தவள். அப்பா போன பிறகு என்னையும் அண்ணனையும் அந்தச் சட்டிதான் காப்பாற்றியது. அதற்காக அவள் அந்தச் சட்டியைக் கும்பிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அதை அவள் வெறுத்தாள். எத்தனை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாத அந்த நாற்றத்தை வெறுத்தாள். கடையை மூடிவிட்டு என்னோடு வந்து இருந்தபோது, வீட்டில் அப்பளம் பொரித்தால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். மருமகனின் வண்டியை முதல் தடவை மோந்ததுமே சொல்லிவிட்டாள்.

“மாப்ள, கோச்சிக்காதீங்க. உங்க வண்டியில மட்டும் என்னை ஏத்தாதீங்க. ஆயுசு பூரா மோந்தது போதும்.”

அவர் கோபித்துக்கொண்டார். வண்டியைச் சொன்னால் அவருக்குத் தன்னைச் சொன்ன மாதிரி. அம்மா படுக்கையில் விழுந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் போனாள். உடம்பு குலுங்கி வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

அம்மா ஒரு ராத்திரி செத்துப்போனாள். விடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, சொந்த மாப்பிள்ளையின் வண்டி இருக்கும்போது வேறு வண்டி எதற்கு என்று முடிவு செய்தார்கள். அண்ணனும் தலையாட்டினான். நான் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். சாவு வீட்டில் அழுகிறவளின் பேச்சை யார் கேட்பார்கள்? கடைசியில் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டேன்.

“என்னங்க, இன்னைக்கு ஒருநாள் மட்டும் டீசல்ல ஓட்டுங்க. முழுக்க டீசல். அம்மா கேட்டது அது ஒண்ணுதான்.”

“அதைக்கூடவா செய்யமாட்டேன்? நீ போ உள்ள” என்றார்.

உள்ளே போனேன். அம்மா ஐஸ் பெட்டியில் கிடந்தாள். சாவு எடுக்கிறவரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்கப்புறமும் காரியம் முடியும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். நாங்கள் பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே தெருவில் இவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஊரிலிருந்து வந்த ஆண்களை வண்டியைச் சுற்றி நிற்கவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, இது செம்புக் குழாய், இது வால்வு என்று காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த கூட்டம். அவர்களும் ஆகா ஓகோ என்றார்கள். மாமியார் சாவு அவருக்குப் பொருட்காட்சி ஆகிவிட்டது.

மதியத்துக்கு மேல் தூக்கினார்கள். சீட்டுகளைக் கழற்றி, பூ கட்டி, பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். முன்னால் தப்பு அடிப்பவர்கள். அண்ணன் தீச்சட்டியோடு நடந்தான். வண்டி நடையும் நிறுத்தமுமாக நகர்ந்தது. எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனை வரைதான் போகலாம். நான் வண்டிக்குப் பின்னால், அம்மாவின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அதுவரை டீசல் புகைதான் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

முனைக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் இருமியது. இரண்டு தடவை குலுங்கியது. பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. அப்போது வந்தது வாசனை.

வழக்கமாக வருவதைவிட இரண்டு பங்கு. மெதுவாக ஓடினால் எண்ணெய் சரியாக எரியாதாம். அதையும் பின்னால் அவரே விளக்கினார். என் பக்கத்தில் நடந்த சித்தி முந்தானையால் மூக்கை மூடினாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த என் வாயில் எச்சில் ஊறியது. அம்மாவின் பிணத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்கு வெங்காய பஜ்ஜிக்கு நாக்கு ஊறியது. அதை விழுங்கினேன். விழுங்கும்போதே முனை வந்துவிட்டது; பெண்களை நிறுத்திவிட்டார்கள். வண்டி அந்தப் புகையோடு முனை திரும்பிப் போனது. நான் அவளை வழியனுப்பிய லட்சணம் அதுதான்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவரைப் பிடித்துக் கேட்டேன். டீசல் தீர்ந்துவிட்டது என்றார். காலையிலிருந்து வேடிக்கை காட்டியதில் சின்ன கேன் காலியாகிவிட்டது. அதை அவர் பார்க்கவேயில்லை. பங்க் எத்தனை தூரம் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தினார்.

“வால்வைத் திருப்பலைன்னா வண்டி நடுத்தெருவுல நின்னிருக்கும். அப்புறம் உங்கம்மாவை எறக்கித் தோள்லதான் தூக்கிட்டுப் போயிருக்கணும். அது பரவாயில்லையா?”

கூடவே போய்வந்த அண்ணனும் மற்ற ஆண்களும், மாப்பிள்ளை சொல்வது நியாயம்தானே என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் நல்ல திடமான ஆட்கள்.

தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அம்மா படுத்த நாளிலிருந்து கக்கூசுக்கும் குளியலுக்கும் அவளை நான் ஒருத்திதான் தூக்கினேன். அவளிடம் கனமே இல்லை.